பேனா நின்ற இடங்கள்

பிக்பாக்கெட் சுடலைமுத்துவுக்குப் பச்சை விழுந்தபோது நீதிமன்றம் சிரித்தது. ஸ்டேஷன் ரைட்டருக்குச் சிவப்பு விழுந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

அது என் கருவி. நான் பெற்ற பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது நடுச்சபையில் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

எழுத்துமானி என்று அரசு அதற்குப் பெயர் வைத்திருந்தது. சந்தேகப்படும் ஆளை ஓர் அறையில் தனியாக உட்காரவைத்து, வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, சம்பவம் நடந்த அன்று என்ன செய்தாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். போலீஸ்காரர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. எழுதிய தாளைக் கருவியில் வைத்தால் அது இரண்டு விஷயங்களைப் பார்க்கும். ஒன்று, கை. எங்கே அழுத்தினார், எங்கே நடுங்கினார், எங்கே பேனா நின்றது. பேனா ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் அந்த இடத்தில் மை ஊறிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். இன்னொன்று, சொல். எந்த வார்த்தையை எடுத்தார், எதைத் தவிர்த்தார். இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒரு விளக்கை எரியவிடும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் குற்றம் செய்த மனம்.

'வாய் பொய் சொல்லும், கை சொல்லாது' என்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னேன். மறுநாள் அமைச்சர் அதைத் தன் வாக்கியம்போல மேடையில் சொன்னார். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் சட்டமே வந்துவிட்டது. சிவப்பு விழுந்தால் அதுவே சாட்சி. தான் நிரபராதி என்று காட்டவேண்டிய பொறுப்பு எழுதியவர் தலையில்.

அப்படிச் சிவப்பு விழுந்தவள்தான் குற்றவாளிக் கூண்டில் நின்ற செண்பகவடிவு. ஐம்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, முறைத்த பார்வை. பாளையங்கோட்டையில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில், வீட்டுக்காரர் தலையணையால் அமுக்கப்பட்டுச் செத்துக் கிடந்தார். பீரோ திறந்து கிடந்தது. வேறு தடயம் இல்லை, பார்த்தவர் இல்லை. கீழ்வீட்டுக்காரி என்பதால் எழுதச் சொன்னார்கள், சிவப்பு விழுந்தது. அதன் பிறகு வேறு யாரையும் தேடவும் இல்லை. ஆயுள் தண்டனை நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்காக இலவச சட்ட உதவியில் வந்தவர் ஞானசெல்வம். கறுப்புக் கோட்டு சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்ட வக்கீல். அவர்தான் எழுந்து, "யுவர் ஆனர், எங்கட்சிக்காரம்மா எழுதினதப் பாத்த மெஷினு, இங்க இருக்கவங்க எழுதுததையும் பாக்கட்டும். காலையில எந்திச்சதுல இருந்து என்ன செஞ்சாங்கன்னு ஆளுக்கு அரைப் பக்கம். அவ்வளவுதான்" என்றார்.

நீதிபதியம்மா என்னைப் பார்த்தார். "தாராளமாகச் செய்யலாம்" என்றேன். அப்போது என் குரலில் இருந்த திமிரை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

டீ கொண்டுவந்தவருக்குப் பச்சை. இரண்டு ஜூனியர் வக்கீல்களுக்குப் பச்சை. அரசு வழக்கறிஞருக்கும் பச்சை. தன் சொந்த வழக்குக்காக வந்து ஓரத்தில் குந்தியிருந்த சுடலைமுத்துவுக்கும் பச்சை. பஸ் ஸ்டாண்டில் அவன் கை படாத பை இல்லை என்பார்கள். அவன் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு கோப்புக் கொண்டுவந்திருந்த ஸ்டேஷன் ரைட்டர் பரமசிவனுக்குச் சிவப்பு. அடுத்து பெஞ்ச் கிளார்க் மாசிலாமணிக்கும் சிவப்பு.

"ரெண்டு பேரும் என்ன செஞ்சாங்களோ, யாரு கண்டா!" என்றார் அரசு வழக்கறிஞர்.

மாசிலாமணிக்கு வேர்த்துவிட்டது. "அம்மா, நான் முட்டைகூடத் தொடமாட்டேன்" என்று நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினார். முப்பது வருடம் அதே மேசையில் உட்கார்ந்த மனிதர். பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஒரு சிவப்பு விளக்கு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை அன்றுதான் முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

"நித்திலா, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

"ஆயிரத்தில் ஒன்றிரண்டு தவறு வரலாம்."

"ஆயிரத்துல இல்ல. ஒரு அறையில ரெண்டு வந்திருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் என் கையைக் கட்டிப் போட்டிருக்கு. சிவப்பு தப்புன்னா ஏன் தப்புன்னு காரணம் வேணும். வெள்ளிக்கிழமை தீர்ப்பு. அதுக்குள்ள காரணம் தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

வெளியே வராந்தாவில் ஞானசெல்வம் என்னைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீய மேடம். ஒங்க மெஷினைக் கொற சொல்லல. அது எதப் பாத்துச் சிவப்பு போடுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா செஞ்சேன்?"

கோபம் வந்தால் எனக்கு வார்த்தை தடிக்கும். அவர் அசரவில்லை. "அப்ப எனக்கும் சொல்லுங்க. அது எப்படிப் படிச்சுது?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். குழந்தைக்குப் பூனையையும் நாயையும் காட்டிப் பழக்குவதுபோலத்தான் கருவிக்கும். குற்றமற்றவர்கள் எழுதிய தாள்களைக் குவித்துக் காட்டினோம். அது எளிது. குற்றவாளிகள் கைப்பட எழுதியவைதான் கிடைக்கவில்லை. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்றாலும் எல்லாக் கோப்பிலும் ஒன்று இருக்கும். ஆனால் ரைட்டர்தான் எழுதியிருப்பார். ஒரே ஓர் அதிகாரியின் வழக்குகளில் மட்டும் குற்றவாளிகள் தங்கள் கையாலேயே எழுதியிருந்தார்கள். அவரிடம் பயிற்சி பெற்றவர்களும் அப்படியே செய்ததால் பல மாவட்டங்களில் அந்தத் தாள்கள் இருந்தன. எல்லாமே தண்டனை உறுதியான வழக்குகள். இதைவிடச் சுத்தமான பாடம் ஒரு கருவிக்குக் கிடைக்காது.

"சிவசைலம் ஐயாவோட கேஸுங்க" என்றார் ஞானசெல்வம்.

"ஆமாம். எங்க அப்பா."

"தெரியும்." அவர் கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார். "நாளைக்கு ஜெயிலுக்கு வந்து வடிவை ஒரு தடவ பாருங்க. நான் ஏற்பாடு பண்ணுதேன்."

மகளிர் சிறையின் பார்வையாளர் அறையில் வடிவு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நீங்கதான் அந்த மெஷின்காரம்மாவா? நல்லா இரும். என்னப் பாத்தா கொலகாரி மாரியா இருக்கு? அந்தக் கெழவருக்குக் கண் ஆப்பரேஷன் ஆனப்ப ரெண்டு வாரம் நான்தான் சோறு பொங்கிக் குடுத்தேன். கேக்க நாதி இல்லன்னா என்ன வேணாலும் செய்வீயளோ?"

திட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு தாளையும் பேனாவையும் நகர்த்தி, "இன்னிக்குக் காலையில என்ன செஞ்சீங்கன்னு கொஞ்சம் எழுதுங்க" என்றேன்.

"இன்னொரு வெளக்குப் போடவா?"

"இல்லை. நீங்க எழுதுறதை நான் பார்க்கணும்."

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தாளைத் தொடையில் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். பிறகு தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்து, "ம், சொல்லுங்க" என்றாள்.

"நான் என்ன சொல்ல? நீங்கதான் எழுதணும்."

"அட, ஆமா." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உதடு முணுமுணுத்தது. ஒரு துண்டு வாக்கியத்தை வாய்க்குள் சொன்னாள், நிறுத்தினாள், எழுதினாள். அடுத்த துண்டைச் சொன்னாள், நிறுத்தினாள், எழுதினாள். குனிந்து பார்த்தேன். 'இன்று காலை சுமார் ஆறு மணியளவில் மேற்படி அறையில் நான் இருந்தபோது' என்று தொடங்கியிருந்தது. இவ்வளவு நேரம் என்னை வறுத்தெடுத்த வாயிலிருந்து வந்த தமிழா இது?

"இப்படியா எழுதுவீங்க எப்பவும்?"

"மனு வேற எப்படி எழுதுவாங்க?"

"மனுவா?"

"கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதுதவங்க மேடம் இவங்க" என்றார் ஞானசெல்வம். "எஃப்.ஐ.ஆர்.ல தொழில் கூலின்னு போட்டுட்டாங்க. யாரும் திருத்தல."

"பட்டா, பென்சன், போலீஸ் புகாரு, எல்லாம் நான்தான்" என்றாள் வடிவு. அதில் பெருமை இருந்தது. "சனங்க சொல்லச் சொல்ல எழுதணும். அவங்க பேச்ச அப்படியே போட்டா ஆபீசரு படிக்கமாட்டாரு. அதுக்கு ஒரு பாஷ இருக்கு. கேட்டு, மாத்தி, எழுதணும். பழகிப்போச்சு. எங்கக்காவுக்கு எழுதுனாக்கூட இப்படித்தான் வருது."

நான் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை அது நின்ற இடங்களைப் பார்த்தேன்.

பெஞ்ச் கிளார்க் நீதிபதி சொல்வதை எழுதுபவர். ஸ்டேஷன் ரைட்டர் இன்ஸ்பெக்டர் சொல்வதை எழுதுபவர். வடிவு சனங்கள் சொல்வதை எழுதுபவள். மூன்று பேரின் கையும் கேட்டு எழுதிப் பழகிய கை. அடுத்தவர் வாய் திறக்கும்வரை நின்று, திறந்ததும் ஓடும் கை. மூன்று பேருக்கும் வந்து விழுவது காவல் நிலையத்துத் தமிழ். சுடலைமுத்து யார் சொல்லியும் எதையும் எழுதியதில்லை. காலையில் இட்லி சரியில்லை என்று அவன் பேச்சிலேயே கிறுக்கியிருந்தான். பச்சை.

என் கருவி குற்றத்தைப் பார்க்கவில்லை. கேட்டு எழுதும் கையைப் பார்க்கிறது.

ஞானசெல்வம் என் முகத்தைப் பார்த்து, "என்ன மேடம்?" என்றார்.

"இந்த ரெண்டு வருஷத்துல சிவப்பு விழுந்தவங்க..." என்றேன். அவர் இடைமறித்தார்.

"அந்த அறைக்குள்ள போலீசு கெடையாது, சரி. அறைக்குள்ள போறதுக்கு முந்தி? உள்ள போய் இப்படி இப்படி எழுதுன்னு படிச்சுக் குடுத்து அனுப்புனா, அவன் நெனைச்சு நெனைச்சுத்தான எழுதுவான்?"

அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை அந்த நேரத்தில். வேறொன்று உறுத்தியது. கேட்டு எழுதும் கைதான் குற்றவாளியின் கை என்று கருவிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாங்கள் காட்டிய தாள்கள்தானே? அப்படியென்றால் அந்தத் தாள்கள் அத்தனையும்...

பயந்துவிட்டேன். இருட்டைக் கண்டால் வரும் பயமில்லை. அப்பா வீட்டுக்குப் போகவே பயந்தேன்.

நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். குற்றவாளிகளின் தாள்களில் பேனா நின்ற இடங்களை மட்டும் தனியே எடுத்துத் திரையில் போடச் சொன்னேன். தன் கதையைத் தானே எழுதுகிறவன் எங்கே வேண்டுமானாலும் நிற்பான். செத்தவன் பெயர் வரும் இடத்தில் நிற்பான். வெட்கம் வரும் இடத்தில் நிற்பான். ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, ஒரு சொல்லில் வெகுநேரம் தடுமாறுவான். இந்தத் தாள்களில் அப்படி ஒன்றும் இல்லை. லாரி ஓட்டியவன், உப்பளத்தில் வேலை செய்தவன், கல்லூரி மாணவன், எல்லோரும் நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை, ஒரே அளவில் நின்றிருந்தார்கள். கைகள் வேறு வேறு. மூச்சு ஒரே ஆளுடையது.

இதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்தோம். குற்றவாளிகள் சீரான இடைவெளியில் தயங்குகிறார்கள் என்று கட்டுரையே எழுதிப் பரிசு வாங்கினோம்.

மறுநாள் மத்தியானம் அப்பா வீட்டுக்குப் போனேன். மேசையில் எனக்கும் சேர்த்து இலை போட்டிருந்தார். அம்மா போன பிறகு சமையல் கற்றுக்கொண்ட மனிதர். நான் உட்கார்ந்ததும் மீனை உதிர்த்து, முள்ளை எடுத்து, என் இலையில் வைத்தார். எனக்கு நாற்பது வயதாகிறது. இன்னும் அவர்தான் முள் எடுத்து வைப்பார். நான் தடுத்ததில்லை.

"அப்பா, அந்த வாக்குமூலமெல்லாம் அவங்களா எழுதினதா?"

"அவனுவ கையெழுத்துதாம்மா."

"கை அவங்களுது. வார்த்தை?"

"வார்த்தைக்கு அவனுவ எங்க போவானுவ? பாதிப் பேருக்கு நாலு வரி சேந்தாப்ல எழுத வராது. நான் சொல்லுவேன், எழுதுவான். தப்பு விட்டா வேற தாள் குடுப்பேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான். இதுல என்ன இருக்கு?" அவர் குழம்பை நகர்த்தினார். "ரைட்டர் எழுதினா வக்கீல் வந்து போலீசே எழுதிக்கிட்டான்னு சொல்லுவான். அவன் கையால எழுதிட்டா அவனுக்கே ஒரு சந்தேகம் வந்துரும், நாமதான் செஞ்சமோன்னு. பொறவு மாத்திப் பேசமாட்டான். நான் கண்டுபுடிச்ச வழி அது."

இலையிலிருந்து கையை எடுத்தேன்.

"அவங்க அதைச் செஞ்சாங்களா அப்பா?"

"கோர்ட்டு தண்டனை குடுத்துச்சுல்லா."

"கோர்ட்டு நீங்க கொண்டுபோய்க் காட்டின கத்தியையும் நகையையும் பாத்துக் குடுத்துச்சு. நான் அதைக் கேக்கல. செஞ்சாங்களா?"

"முக்காவாசிப் பேரு செஞ்சிருப்பானுவ."

"மிச்சப் பேரு?"

"வேற எங்கயாவது வேற எதாவது செஞ்சிருப்பானுவ. யோக்கியனையா புடிச்சுட்டு வந்தோம்? ஊரு அமைதியா இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லு."

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சன்னல் திறந்திருந்தது, பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். மழை வருமா என்று பேசுவதுபோலப் பேசினார். அடித்தேன், கட்டிவைத்தேன் என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு திக்கென்று இருந்திருக்காது.

"அப்புறம் ஏன் அதையெல்லாம் எனக்கு வாங்கிக் குடுத்தீங்க?" கத்திவிட்டேன். "குற்றவாளி எழுதினதுன்னு நம்பித்தானே நான் கருவிக்குக் காட்டினேன்!"

"நீதானளா கேட்ட. பிள்ள வாய்விட்டு ஒண்ணு கேக்கும்போது இல்லன்னு சொல்லுவனா?"

அவர் கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது. நான் கத்தியதற்கான வருத்தம்.

பையிலிருந்து தாளை எடுத்து, "நீங்க ஒரு பக்கம் எழுதுங்க" என்றேன். பயப்படுவார், மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். கை கழுவிவிட்டு வந்து உற்சாகமாக உட்கார்ந்தார். "எழுதுதேன். ஒம்மெஷினு என்ன சொல்லுதுன்னு நானும் பாக்கேன்." காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிய கதையை எழுதினார். எழுதி முடிக்கும்வரை ஓர் இடத்திலும் நிமிரவில்லை.

சிறிய எழுத்துமானி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். கையையும் சொல்லையும் கூட்டாமல், தனித்தனியே காட்டும்படி வைத்தேன்.

கைக்குப் பச்சை. மை எங்கும் ஊறவில்லை, அழுத்தம் எங்கும் மாறவில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு அமைதியான கையை நான் பார்த்ததில்லை. சொல்லுக்குச் சிவப்பு. 'மேற்படி', 'அச்சமயம்', 'எனது சுய நினைவுடன்'... மீன் வாங்கியதற்கு எதற்குச் சுய நினைவு? குற்றவாளிகளின் தாள்கள் ஒவ்வொன்றோடும் அந்தப் பக்கம் போய்ப் பொருந்தியது.

என் கருவி குற்றவாளியின் மனத்தைக் கண்டுபிடிக்கவில்லையே என்று முந்தின நாள் இரவெல்லாம் அழுதிருந்தேன். கண்டுபிடித்துத்தான் இருக்கிறது. நடுங்கிய கைகளுக்கு உள்ளே இருந்த சொல்லைப் பிடித்து, இதுதான், இதுதான் என்று இரண்டு வருடமாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள்தான் கைக்கு விலங்கு மாட்டினோம். அந்தச் சொல்லுக்கு உரியவர் எனக்கு எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா இரண்டு விளக்குகளையும் பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. போலீஸ் மூளை, உடனே பிடித்துக்கொண்டது.

"வெள்ளிக்கிழமை கோர்ட்டுல போய் மெஷினு தப்புன்னு சொல்லப்போற. அப்படித்தான?"

"ஆமாம்."

"சொல்லு. அந்தப் பொம்பள பொழச்சுக்கிடும், பாவம். ஆனா ஒண்ணு நெனைச்சுப் பாத்தியா? தப்பான மெஷினு எம்மேல சொன்னத எவன் காதுல போட்டுக்கிடுவான்?" என் இலையைப் பார்த்தார். "சோறு ஆறுது. தின்னு."

நான் எழுந்து வந்துவிட்டேன். சாப்பிடாமல் அந்த வீட்டிலிருந்து கிளம்பியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறினேன். கருவி தவறு என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம், வடிவுக்கு அது போதும். ஆனால் அப்பா சொன்ன கணக்கை நினைத்தால் எனக்கு மனம் ஆறவே இல்லை.

"யுவர் ஆனர், இந்தக் கருவி பொய் சொல்லவில்லை. அது சொன்னதை நாங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டோம்" என்றேன். கிளார்க்குக்கும் ரைட்டருக்கும் மனு எழுதும் பெண்ணுக்கும் ஏன் சிவப்பு விழுந்தது என்று சொன்னேன். "யாரோ சொல்ல, யாரோ எழுதிய தாளை இது தவறாமல் பிடிக்கும். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட குற்றவாளிகளின் தாள்கள் எல்லாமே அப்படி எழுதவைக்கப்பட்டவை. அந்த ஆட்களில் சிலர் இன்னும் சிறையில் இருக்கிறார்கள்."

"எழுத வச்சது யாரு?" என்றார் நீதிபதி.

"ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. சிவசைலம்."

"அவர் உங்க..."

"அப்பா."

மாசிலாமணி என்னை நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி சிவப்பைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று வடிவை விடுதலை செய்தார். பழைய வழக்குகளை விசாரிக்க அரசுக்குப் பரிந்துரை அனுப்புவதாகவும் சொன்னார். வடிவு கூண்டிலிருந்து இறங்கி, ஞானசெல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை.

பரிந்துரை போய்ச் சேரும் முன்பே பதில் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே அரசு அறிவித்தது: எழுத்துமானி அறிவியல் அடிப்படை இல்லாதது, உடனே திரும்பப் பெறப்படுகிறது, கருவிகளும் சேகரித்த தாள்களும் அழிக்கப்படும். இரண்டு வருடம் ஏழைபாழைகளைச் சுட்டியபோது அது உலகத்துக்கே முன்னோடி. ஒரு காக்கிச்சட்டையைச் சுட்டிய அன்றே மூடநம்பிக்கை. ஆய்வுக்கூடத்துக்கு லாரி வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாள்களை மூட்டை கட்டி ஏற்றினார்கள்.

ஞானசெல்வத்துக்குப் போன் செய்தேன். "ஜெயில்ல இருக்கவங்க கதி?"

"மெஷினு சொன்னது செல்லாதுன்னு ஆயிட்டே மேடம். தாளும் போச்சு. கூண்டுல நீங்க சொன்னதும் மெஷினோட விளக்கமாத்தான் பதிவாயிருக்கு. இனி யாராவது ஒரு ஆளு, ஐயா எழுத வச்சத பாத்த ஆளு, இல்ல ஐயா வாயால சொல்லிக் காதால கேட்ட ஆளு, மனுக் குடுத்தாத்தான் உண்டு. அப்படி யாரு இருக்கா?"

அவருக்குத் தெரிந்துதான் கேட்டார். மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. அப்பா போன் செய்துகொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். "கோவம் தீந்துச்சா? நாளைக்கு மத்தியானம் வா. வஞ்சிரம் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். கோர்ட்டில் அவர் பெயரைச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கள்கிழமை காலை மேசையில் உட்கார்ந்து நானே எழுதிப் பார்த்தேன். கையெழுத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியவளுக்குக் கை வரவில்லை. பேனா தாளில் பட்டதும் நின்றுவிட்டது. தாள்களைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன்.

மனு நாள் என்பதால் வாசலில் நல்ல கூட்டம். தார்ப்பாய்க்கு அடியில் வடிவு எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இங்க என்ன வேணும்?"

"ஒரு மனு எழுதணும்."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு?"

"எனக்கு எழுத வரலை" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வரிசையில நில்லுங்க" என்றாள். நின்றேன். முதியோர் பென்சன் வராத ஒரு பாட்டையாவும், பட்டா மாறாத இரண்டு பேரும் முடித்துப் போன பிறகு என் முறை வந்தது. புதுத் தாளை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டாள்.

"மனுதாரர் பேரு?"

"நித்திலா."

"தகப்பனார் பேரு?"

"சிவசைலம். ஓய்வுபெற்ற டி.எஸ்.பி."

"யாரு மேல மனு?"

"சிவசைலம். ஓய்வுபெற்ற டி.எஸ்.பி."

வடிவு எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குரல் தணிந்தது. "இருக்காரா அவரு?"

"இருக்காரு. மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருக்காரு."

வடிவு பக்கத்துப் பலகையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் குடித்து முடித்ததும் அந்தப் பெயரை இரண்டாவது முறையாக எழுதினாள்.